கட்டும் முறையும் கட்டப்பட்ட கோயிலும்

கந்தசுவாமி கோயில் என்று சொன்ன மாத்திரத்தில் இன்று நம் மனக்கண்முன் தோன்றும் நல்லூர் ஆலயம், அவ்வூரைத் தலைநகராகக் கொண்டு அரசோச்சிய யாழ்ப்பாண மன்னர் வணங்கிய ஆலயமன்று. அது நின்ற நிலத்தில் இது நிற்கவில்லை, அதன் கற்களைக் கொண்டு இது எழவுமில்லை. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேறா, பின்னர்ப் பழைய கோயிலை இடிப்பித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டுதற்குக் கொண்டுபோனான் என்பது சரித்திரம். கோயில் இருந்த இடம் முத்திரைச் சந்திக்கு அருகே, இப்போது பரிசுத்த யாக்கோபு தேவாலயம் விளங்கும் சூழல் என்பர். ஆயினும், இன்றைய கோயிலின் திருவிழாவிலே கட்டியங் கூறுவோர், பழைய கோயிலைக் கட்டுவித்தவர் எனப்படும் புவனேகபாகுவின் பெயரைச் சொல்லியே வாழ்த்துகின்றனர். (அந்தப் புவனேகபாகு எவர் என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமுகப்படவில்லை. 1450இல் கோட்டை இராச்சியத்துப் படையோடு வந்த செண்பகப்பெருமாளே என்பார் பலர். அவ்வழக்கை இங்கே தீர்க்க வேண்டிய அவசியமில்லை.) நிலம் மாறி, கல் மாறி, திருப்பணி செய்வித்த குலமும் மாறிய பின்னர், புதியதைப் பழையதன் தொடர்ச்சியென்று ஊரார் ஒப்புக்கொண்டது எதனால் என்று வினவினால், பக்தி என்று ஒரு சொல்லில் விடையிறுத்துவிடலாம். ஆனால் கட்டடத் தொழிலின் வழியாக நோக்குவார்க்கு வேறொரு விடையும் புலப்படும். இடித்தவன் கொண்டுபோனது கட்டப்பட்ட பொருளை. கட்டும் முறையை அவனால் கொண்டுபோக இயலவில்லை.

அம்முறை யாது? மயமதம் முதலிய சிற்ப நூல்கள், கட்டடத் தொழிலுக்குரியோரை நால்வராக வகுத்துரைக்கின்றன. சாஸ்திரம் முழுதுமறிந்து இன்னதன்பின் இன்னது என்று விதிப்பவன் ஸ்தபதி; நூலும் கோலும் பிடித்து அளவைக் காப்பவன் சூத்திரக்கிராகி; கல்லையும் மரத்தையும் அறுத்துச் செதுக்குபவன் தக்ஷகன்; செதுக்கியவற்றைப் பொருத்தி உயர்த்துபவன் வர்த்தகி. நிலத்தைச் சோதித்து, உழுது, முதற்கல் நாட்டி, கர்ப்பந்நியாசம் செய்து, அதன்மேல் அதிஷ்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என ஆறு அங்கங்களாக விமானத்தை எழுப்பும் கிரமத்தை ஸ்தபதி சொல்லுவான். ஆனால் சிகரம் கருங்கல்லாலா, செங்கல்லும் சுதையுமாகவா அமைவது என்பது கிரமத்தைப் பாதிப்பதன்று. அதே ஆறு அங்கங்கள், அதே வரிசை. கைவினைஞரும் திரவியமும் வேறுபட, ஓரிடத்தில் கற்றளி எழும், வேறோரிடத்தில் சுதைவேலைக் கோயில் எழும். வரிசையை அறிந்தவன் ஒருவன், வேலையை அறிந்தவன் மற்றொருவன் என்ற இப்பிரிவே தென்னாட்டுக் கட்டடக் கலையின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம்.

கோயிலுக்கு மட்டுமன்று, யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டுக்கும் இது பொருந்தும். சாத்திரியார் நிலையம் பார்த்துச் சொல்வார். ஈசான மூலையில் கிணறு, அக்கினி மூலையில் அடுக்களை, நடுவே வானம் பார்த்த முற்றம், அதனைச் சூழ நான்கு சார், தெருவோரத்தில் வசதிக்கேற்ப ஒரு சங்கடப்படலை. இவ்வமைப்பை மண்சுவரும் பனை வளையும் கிடுகும் கொண்டு எழுப்பினவரும் உளர். சுண்ணாம்புக்கற் சுவரும் ஓட்டுக்கூரையுமாக எழுப்பினவரும் உளர். மேசனும் தச்சனும் தத்தம் வேலையைச் செய்தனர். வீட்டின் வடிவை அவர்கள் நிச்சயித்தாரல்லர். நாற்சார் வீடு என்றால் ஓட்டு வீடு என்று நினைக்கும் இக்காலத்தவர்க்கு இதனை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஒல்லாந்தர் ஆட்சியில் வழிபாட்டுத் தடை சிறிது தளர்ந்த வேளையில், அவர்களது கச்சேரியிலே சிறாப்பர் என்னும் காசாளர் உத்தியோகம் வகித்த இரகுநாத மாப்பாண முதலியார், குருக்கள் வளவு என்னும் நிலத்தில் இன்றைய கோயிலை ஸ்தாபித்தார். கோயில் மரபு அவ்வருஷத்தை 1734 என்று சொல்லும். செங்கல்லும் கல்லுமாய்ச் சுவர், ஓலைவேய்ந்த கூரை, இரண்டு மண்டபம், சுற்றுமதில் இல்லை, கோபுரம் இல்லை. மூலஸ்தானத்திலும் விக்கிரகமன்று, வேலாயுதமே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிநிலம் முழுதும் சுண்ணாம்புப் பாறையாதலின், கருங்கற் கோயில் வேண்டுவோர் கல்லையும் அதனை அறியும் சிற்பியையும் கடல் கடந்தே வருவிக்க வேண்டும். அந்நிய ஆட்சியின்கீழ் அதனைச் செய்யும் பொருள்வலி அக்காலத்தில் எவர்க்கிருந்தது?

அவ்வெளிய தொடக்கத்தை எல்லோரும் பொறுத்துக்கொள்ளவில்லை. அவ்வூரிலேயே 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், ஆகமத்துக்கு மாறானவை அக்கோயிலிற் பல உண்டென்று கண்டித்தெழுதி, அதனை விதிப்படி கருங்கற்றிருப்பணியாகச் செய்விக்கப் பெரிதும் முயன்றார். 1879இல் அவர் காலமாகும்போதும் அது கைகூடவில்லை. நாவலரின் கோபத்தைப் பிடிவாதமென்று நான் கருதேன். கிரமத்தில் ஒன்று தவறினால் முடிந்த பொருளும் தவறும் என்பது அவரது சித்தாந்தம். அது ஸ்தபதியின் சித்தாந்தமுமாகும்.

கட்டும் முறைக்கும் கட்டப்பட்ட பொருளுக்கும் உள்ள உறவு யாது என்னும் இதே வினா, கல்லும் சுண்ணாம்பும் அறவே இல்லாத ஒரு தொழிலிலே இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தது. கட்டடக் கலைஞரான கிறிஸ்தோபர் அலெக்ஸாண்டர், குஜராத்திலே பாவ்ரா என்னும் சிறு கிராமத்தில் தங்கி அதன் அமைப்பை ஆராய்ந்து, அதனை 1964இல் வெளியிட்ட தம் நூலில் உதாரணமாகக் காட்டினார். 1977இல் அவரும் அவர் சகாக்களும் வெளியிட்ட மற்றொரு நூல், நகரம் முதல் சாளரம் வரை, தலைமுறை தலைமுறையாய்த் திரும்பத் திரும்பக் கையாளப்படும் அமைப்புகளை 253 எனத் தொகுத்தது. அந்நூலைக் கட்டடத் துறையினரிலும் கூடிய ஆர்வத்தோடு வரவேற்றவர் கணினி நிரலரே எனலாம். பொருள்நோக்கு நிரலாக்கத்திலும் இத்தகைய அமைப்புகள் உண்டென்று கண்டு, எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் என்னும் நால்வர், 1994இல் இருபத்துமூன்று அமைப்புகளை நூலாக்கினர். அவற்றுள், ஒரு பொருள் நிரலில் எவ்வாறு சிருஷ்டிக்கப்படுகிறது என்பதைப் பற்றியவை ஐந்து. அவ்வைந்தில் ஒன்று பில்டர்.

அதன் விருத்தாந்தம் சிற்ப நூல் பயின்றார்க்குப் புதிதன்று. பல அங்கங்களையுடைய ஒரு பொருளை நிரலில் உண்டாக்கும்போது, எந்த அங்கத்தின்பின் எந்த அங்கம் என்று ஏவுவதற்கு டிரெக்டர் என ஒன்று. ஏவியபடி அங்கத்தைச் செய்து சேர்ப்பதற்குப் பில்டர் என மற்றொன்று. டிரெக்டருக்கு வரிசை தெரியும், திரவியம் தெரியாது. பில்டருக்குத் திரவியம் தெரியும், வரிசையை அது நிச்சயிப்பதில்லை. ஒரே டிரெக்டரின்கீழ் பில்டரை மாத்திரம் மாற்றினால், ஒரே கிரமத்திலிருந்து வெவ்வேறு ஸ்வரூபமுடைய பொருள்கள் பிறக்கும். நால்வரும் காட்டிய உதாரணம் ஓர் ஆவணத்தைப் படிக்கும் நிரல்: படிக்கும் கிரமம் ஒன்றே, பில்டருக்கேற்ப வெற்றெழுத்தாகவோ, அச்சுக்கோப்புக்குரிய வடிவமாகவோ, திரையில் திருத்தத்தக்க பிரதியாகவோ அது வெளிப்படும். கிடுகு வீடும் ஓட்டு வீடும் ஒரே நிலையத்தில் எழுந்த கதையும் இதுவே.

ஆனால் நல்லூரின் பிற்காலச் சரித்திரம் இந்த இலக்கணத்துக்கு முற்றும் அடங்கவில்லை. 1899இல் மணிக்கூட்டுக் கோபுரம், அதன் பின்னரே, 1902இல், கர்ப்பக்கிருகம் கல்லாற் புதுக்கப்பட்டது, 1909இல் மதில், 1964இல் வசந்த மண்டபம் இன்றைய பொலிவைப் பெற்றது. உள்ளிருந்து வெளியே என்றோ, கீழிருந்து மேலே என்றோ ஒரு வரிசையை இவ்வருஷங்களில் தேடுவார் ஏமாறுவர். பொருளும் சந்தர்ப்பமும் வாய்த்தபோது வாய்த்த அங்கம் சேர்ந்தது. இதற்கு இணையானது நால்வர் சொன்ன பில்டர் அன்று. ஜோஷுவா புளோக் என்பார் ஜாவா மொழிபற்றிய தம் நூலின் 2008ஆம் வருஷத்து இரண்டாம் பதிப்பிலே விதந்துரைத்த பில்டர். அவரை வருத்திய குறை வேறு. பத்துப் பன்னிரண்டு இலக்ஷணங்களையுடைய பொருளை, நிரலில் பொருளை ஆக்கும் கன்ஸ்ட்ரக்டர் என்னும் கட்டளை ஒன்றினால் ஒரே மூச்சில் ஆக்க முயன்றால், எந்த எண் எதைக் குறிக்கிறதென்று எழுதியவனே மயங்குவான். பொருளை வெறுமையாய் ஆக்கிவிட்டுப் பின்னர் ஒவ்வொன்றாய்த் திணித்தால், அரைகுறையான பொருளைப் பிறர் எடுத்துப் பயன்படுத்திவிடுவர். ஆகவே அவர், இன்றியமையாதவற்றைப் பில்டரிடம் முதலிலேயே ஒப்புவித்துவிடச் சொன்னார். ஏனையவற்றை வேண்டிய வரிசையில், வேண்டியவரை, பெயர் சொல்லிச் சேர்க்கலாம். எல்லாம் சேர்ந்தபின் ஒருமுறை ஆக்குக என்று ஏவினாற்றான் பொருள் வெளிவரும், வந்தபின் அது மாறாது. டிரெக்டர் என்ற தனியொருவர் அங்கே இல்லை. நல்லூரில் இன்றியமையாதவை வேலும் அது நிற்கும் நிலமுமே. இவ்விரண்டும் முதலிலேயே கொடுக்கப்பட்டுவிட்டமையால், மணிக்கூடு மதிலை முந்தியதிற் குறையொன்றுமில்லை. நாவலர் இதனை ஒப்பியிருக்கமாட்டார்.

அரைகுறைப் பொருளை எவர் கையிலும் கொடுக்கலாகாது என்ற புளோக்கின் எச்சரிக்கையை ஆகமம் தனக்குரிய வழியிற் செய்து வைத்திருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்து, சாந்நித்தியத்தைப் பாலாலயத்துக்கு எழுந்தருளப்பண்ணி, வழிபாட்டை அங்கே நடத்துவர். வேலை நடக்கும் கர்ப்பக்கிருகம் அக்காலத்தில் கோயிலாகக் கருதப்படுவதில்லை. ஸ்தூபி ஏறி, கும்பாபிஷேகம் நிறைவேறிய கணத்திலேதான் அது மீளக் கோயிலாகும். கல்லும் சுதையும் முதல்நாளே முடிந்துவிட்டிருந்தாலும் முடிந்தவையல்ல.

ஒன்றில் மாத்திரம் நல்லூர் இவ்விரு பில்டர்களுக்கும் இணங்காது. நிரலில், பொருள் வெளிவந்தபின் பில்டருக்கு வேலையில்லை, அதனை மறந்துவிடலாம். நல்லூரிலோ, 1734இல் தொடங்கியவரின் வழித்தோன்றல்களே இன்றும் அக்கோயிலை நிருவகிக்கின்றனர். 2011இல் தென்திசையிலும் 2015இல் வடதிசையிலும் ஒன்பது நிலைக் கோபுரங்கள் அவர்களது பரிபாலனத்திலேயே எழுந்தன. ஸ்தபதிகள் வந்தனர், போயினர்.