பழவேற்காட்டின் கல்லறைகள்

பொன்னேரியிலிருந்து கிழக்கே செல்லும் சாலை பழவேற்காட்டில் முடிவுறுகிறது. அப்பால் ஏரி, அதற்கும் அப்பால் கடல். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை தொலைவில் இல்லை. எனினும் இவ்வூர் தன் பழம்பெருமையை இழந்து ஓய்ந்து கிடக்கிறது. விடுமுறை நாள்களில் சென்னையிலிருந்து வருவோர் பூநாரைகளைக் கண்டு, மீன் உண்டு திரும்புகின்றனர். போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா ஆலயம் 1515-இல் தோன்றியது என்பது மரபு. அங்கு வேண்டுதலோடு வருவோரும் உண்டு. கோட்டையைத் தேடி வருவோர் மிகச் சிலரே. அவர்கள் காண்பதோ முட்புதர் மூடிய மேடும் அகழியின் தடமும்தான்.

அதுவே 1613-இல் ஒல்லாந்தர் எழுப்பிய கெல்டிரியா கோட்டை. 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கடற்கரையில் அவர்களது தலைமையிடம் இங்கேதான் இருந்தது. வெடிமருந்தும் இங்கு செய்தனர். ஆயினும் ஊருக்குப் பெயர் தந்தது துணியே. இப்பகுதியின் நெசவுத் துணிகளைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுசென்று, கிராம்பும் சாதிக்காயும் வாங்கினர். மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலேகாட்' என்கின்றனர். பழவேற்காடு என்னும் பெயரே அப்படித் திரிந்தது. ஓர் ஊர் தளர்ந்த பின்னும் அதன் பெயர் கடல் கடந்து உடையில் வாழ்வது வியப்பன்றோ!

பெருமையோடு மட்டும் இவ்வரலாற்றைச் சொல்லி முடிக்க மனம் ஒப்பவில்லை. பஞ்சமும் போரும் சோழமண்டலத்தை வாட்டிய 1620-களில், ஒரு பிடி சோற்றுக்காகத் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டனர். பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அடிமைகளாக உழைக்கச் சென்றோர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். துணி ஏற்றிய அதே துறை, அதே கும்பினி.

கோட்டைக்கு எதிரே ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலில் செதுக்கிய இரு எலும்புக்கூடுகள் காண்போரைத் திடுக்கிடச் செய்கின்றன. உள்ளே கருங்கற்களில் குடும்பச் சின்னங்கள், பெயர்கள், ஆண்டுகள் யாவும் அழகுற வெட்டப்பட்டுள்ளன. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஒல்லாந்தர் ஊரை மறுவருடம் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துச் சென்றுவிட்டனர், எழுத்துகள் நிற்கின்றன. இத்துறையிலிருந்து அடிமைகளாகச் சென்றோருக்கோ இங்கு ஒரு கல்லும் இல்லை. கும்பினியின் சரக்குக் கணக்கில் பெரும்பாலும் 'இத்தனை பேர்' என்றே அவர்கள் பதிவாயினர்.