பரங்கிமலைக்கு வந்த போலந்துக்காரர்

நசரத்பேட்டையில் பஸ் ஏறி பூந்தமல்லிக்கு வந்து, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், போரூர், நந்தம்பாக்கம் என்று போனால் பரங்கிமலை அடிவாரம் வந்துவிடும். மவுண்ட்-பூந்தமல்லி சாலை என்று பெயர் வந்ததே அதனால்தான். புனித தோமையார் உயிர்விட்ட இடம் என்று கிறிஸ்தவர்கள் காலங்காலமாக நம்பிவரும் அந்த மலைக்கு, 1986 பிப்ரவரி 5 அன்று போப் இரண்டாம் ஜான் பால் வந்தார்.

பத்திரிகைகளுக்குத்தான் அவர் ஜான் பால். நம் கத்தோலிக்கக் கோயில்களில் 'இரண்டாம் அருள் சின்னப்பர்'. யோவானை அருளப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் சொன்ன பழைய கத்தோலிக்கத் தமிழ் அது. அப்போது சென்னை-மயிலைப் பேராயராக இருந்தவர் பெயரும் அருளப்பா!

பிறந்தது 1920, போலந்தின் வாடோவிச்சே. இயற்பெயர் கரோல் வொய்த்திவா. எட்டு வயதில் தாயையும், பன்னிரண்டில் அண்ணனையும், இருபதில் தந்தையையும் பறிகொடுத்தார். நாஜிகள் நாட்டைப் பிடித்திருந்த நாட்களில் கல் குவாரியில் வேலை பார்த்தார்; குருத்துவப் படிப்பை ஒளிந்து படித்தார். 1978-ல் போப் ஆனபோது, 455 ஆண்டுகளில் இத்தாலியர் அல்லாத முதல் போப் அவர்தான்.

சென்னையில் அவர் கழித்த அந்த ஒரு நாளில் என் மனம் நிற்பது ராஜாஜி மண்டபத்தில். அண்ணாவுக்கும் காமராஜருக்கும் இந்த நகரம் கண்ணீரோடு விடைகொடுத்த மண்டபம். அங்கே பிற மதத் தலைவர்களைச் சந்தித்துப் பேசினார். மதங்கள் மனம்திறந்து உரையாடும்போது நம் நடுவே இறைவனுக்கு இடம் விடுகிறோம் என்பது அவர் உரையின் சாரம். அதே ஆண்டு அக்டோபர் 27-ல், இத்தாலியின் அசிசி நகரில் உலக மதத் தலைவர்களை அழைத்து அமைதிக்காகப் பிரார்த்திக்கச் செய்தார்.

1999-ல் டில்லிக்கு வந்தபோது, ஆசியாவில் நற்செய்தி பரவ வேண்டும் என்று அவர் பேசியது இங்கே பலரைப் புண்படுத்தியது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், 1981-ல் தன்னைச் சுட்ட மெஹ்மத் அலி அக்ஜாவை 1983-ல் சிறைக்கே போய்ப் பார்த்து மன்னித்த மனிதர் அவர். ராஜாஜி மண்டபத்தில் சொன்னதை அவர் நெஞ்சாரச் சொன்னார் என்றே நான் நம்புகிறேன்.

2005 ஏப்ரல் 2-ல் மறைந்தார். 2014-ல் புனிதர் பட்டம்.

1986-ல் அவரைக் காணச் சென்னையில் கூடிய கூட்டத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது நின்றிருக்கலாம். கேட்டு எழுதி வையுங்கள்.