திறவுகோல் யார் கையில்?



உக்கடம் பெரியகுளத்தின் மதகை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். குளத்து நீர் ஊருக்குப் பொது; ஆயினும் மதகைத் திறக்கும் உரிமை எல்லோர்க்கும் இல்லை. அலுவலக ஏடுகளும் அத்தகையனவே. அவற்றைத் திறக்கவும் திருத்தவும் உரியவர் யார் என்ற கேள்வி மிகப் பழையது.

முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டளவில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அதனைக் கூறும் செப்பேட்டைப் படித்துப் பாருங்கள். அரசன் வாய்மொழியை ஓலையில் எழுதியவர், அதனை ஒப்புநோக்கிய திருமந்திர ஓலைநாயகங்கள், வரிக் கணக்கில் பதிந்த அலுவலர் எனப் பலர் அதிற் குறிக்கப்பட்டுள்ளனர். ஓர் ஆணை யார் யார் கைவழியே சென்றது என்பது ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் நமக்குத் தெரிகிறதன்றோ!

கணிப்பொறி வந்தபோது இச்சிக்கல் புது வடிவம் எடுத்தது. 1961இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே பொறியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். ஒருவர் கோப்பை மற்றவர் காணாதிருக்க, ஒவ்வொருவர்க்கும் மறைசொல் வழங்கப்பட்டது. 1966இல் நடந்தது வேடிக்கையானது. ஒருவர் வரவேற்புச் செய்தியையும், மற்றொருவர் மறைசொற் பட்டியலையும் ஒரே நேரத்தில் திருத்தினர்; தற்காலிகக் கோப்புகள் இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்ததால் உள்ளடக்கம் இடம் மாறிற்று. அன்று உள்நுழைந்தவர்க்கெல்லாம் அனைவருடைய மறைசொற்களும் வரவேற்புரையாகக் காட்சி தந்தன! அம்முறையை வகுத்த கார்பட்டோ என்னும் அறிஞரே இதனைப் பிற்காலத்தில் எடுத்துரைத்தார்.

எழுபதுகளில் பரவிய யூனிக்ஸ், கோப்புக்கு உரியவர், அவர் குழுவினர், பிறர் என மூவகையினரைப் பிரித்தது. படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் உரிமைகளை அவர்களுக்குத் தனித்தனியே வகுத்தது.

இன்று அலுவலகங்களில் செயற்கை நுண்ணறிவுத் துணைவன் வந்து அமர்ந்திருக்கிறான். 2023 நவம்பரில் பெருநிறுவனங்களுக்கு விற்பனைக்கு வந்த மைக்ரோசாப்ட் கோபைலட், கேட்பவர்க்குத் திறக்க உரிமையுள்ள கோப்புகளிலிருந்தே விடை தருமாறு அமைக்கப்பட்டது. முறையானதுதானே என்பீர்கள். ஆனால் என்றோ ஒருவர் ஊதியப் பட்டியலைப் பொது உறையில் இட்டு மறந்திருந்தால்? முன்பு அது அங்கிருப்பதையே எவரும் அறியார். இப்போது எழுத்தர் ஒருவர் ஊதிய உயர்வு பற்றி ஒரு கேள்வி கேட்டாற் போதும். துணைவன் நொடியில் எடுத்துவந்து முன்வைப்பான். பூட்டை அவன் உடைக்கவில்லை; பூட்டாத பெட்டியைக் கண்டுபிடித்தான். இதுவே புதிய அபாயம் என்பது என் எண்ணம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 24-8-2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணிப்பொறிகளில் பயன்படுத்தலாகாது என மத்திய நிதி அமைச்சகம் 29-1-2025இல் தன் ஊழியர்க்கு அறிவுறுத்தியது. அரசின் ஆவணங்கள் வெளியே சென்றுவிடும் என்ற அச்சமே காரணம். அது வெளி வாயிலுக்கான காவல். உள்ளறைக் கோப்புகளின் உரிமைப் பட்டியலை ஒவ்வொரு பெயராகச் சரிபார்ப்பது அந்தந்த அலுவலகத்தின் வேலை. பணியிலிருந்து விலகியவர் பெயரை அன்றே நீக்குவதும் அதில் அடங்கும்.