சங்கறுத்த கொழுந்து

மன்னார் வளைகுடாவின் கடலடி மணலில் வாழும் சங்கு கோயிலுக்கும் சடங்குக்கும் உரிய பொருளாகவே இன்று நம் நினைவில் நிற்கிறது. பண்டைத் தமிழகத்தில் அது மகளிர் கைவளையாகவும் விளங்கிற்று.

சங்கை அறுத்து வளைகளை எடுத்தபின் அதன் நுனி கழிவாக எஞ்சும். அகநானூற்றின் 24ஆம் பாடல், மலராத பகன்றை அரும்புக்கு அந்த நுனியையே உவமை கூறுகிறது. அறுப்பவன் வேள்வி செய்யாப் பார்ப்பான் என்றும், அவன் கருவி வாளரம் என்றும் குறிக்கிறது. தொழிலை அருகிருந்து கண்ட புலவர்க்கே இவ்வுவமை வாய்க்கும்.

மண்ணும் இதற்குச் சான்று பகர்கிறது. 1914இல் சங்கு பற்றித் தனிநூல் வெளியிட்ட மீன்வள அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல், கொற்கையிலும் காயலிலும் அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார். 1985இல் தொடங்கிய கொடுமணல் அகழாய்வு, கடலுக்கு நெடுந்தொலைவிலும் இத்தொழில் நிகழ்ந்தமையைக் காட்டிற்று.

காலப்போக்கில் வளைத்தொழில் இங்கு நலிந்தது. ஹார்னெல் காலத்தில் நம் கடற்சங்கு டாக்கா முதலிய வங்க நகரங்களுக்குச் சென்றே வளையாயிற்று. சங்கு குளிப்போர் இங்கும், அறுப்போர் அங்குமாயினர்.

தலைவியின் வளை நெகிழ்ந்ததை வகுப்பறையில் விரித்துரைக்கும் நாம், அவ்வளையை அறுத்தவனைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டாவோ? அவன் பெயர் எங்கும் இல்லை. அவன் கழித்த கொழுந்தைப் புலவர் ஒருவர் கண்டு பாடினார். அதனால் அவன் தொழிலேனும் நமக்குத் தெரிகிறது.