திருவண்ணாமலை வட்டாரத்தில் நாய் பழக்கும் வரலாறு

நாய் பழக்குதல் என்பது, வளர்ப்பவர் ஒரு சொல்லைச் சொன்னால் நாய் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நடந்துகொள்ளும்படி செய்வதாகும். கூப்பிட்டால் வருதல், சொன்னால் உட்காருதல், விட்ட இடத்தில் காத்திருத்தல் ஆகிய மூன்றும் இதன் அடிப்படைகள். இது வெள்ளைக்காரர்களோடு வந்த கலை என்று பலர் எண்ணுகின்றனர். பெயர் சொல்லி வளர்க்கப்பட்டு, இட்ட காவலில் நின்ற ஒரு நாயைப் பற்றிய கல்வெட்டு திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 1400 ஆண்டுகள்.

எடுத்தனூர் நடுகல்

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்கள் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. தமிழ்நாடு தொல்லியல் துறை இப்பகுதியில் ஊர் ஊராக ஆய்வு செய்து, 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. அந்த ஆய்வால் பரவலாக அறியப்பட்ட கற்களுள் எடுத்தனூர் நடுகல்லும் ஒன்று.

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் இது. அதாவது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட செய்தி சுருக்கமானது. வாணர் குலத் தலைவரோடு உறவுடைய பொற்றொக்கையார் என்பவரின் வீரன் கருந்தேவக்கத்தி, தன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்தான். அவன் நினைவாகக் கல் நடப்பட்டது. இதுவரை இப்பகுதியின் மற்ற நடுகற்களைப் போன்றதுதான். ஆனால் வீரனின் அருகே ஒரு நாயின் உருவமும், அதற்கெனத் தனியாக ஒரு வாசகமும் உள்ளன. கோவிவன் என்னும் பெயருடைய அந்த நாய் திருடர் இருவரைக் கடித்துக் காத்திருந்தது என்பது அவ்வாசகத்தின் பொருள்.

"நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்பது நாட்டு வழக்கு. எடுத்தனூரில் இரண்டையும் ஒன்றாகவே காணலாம்.

இந்த வாசகத்தில் இரு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, நாய்க்குப் பெயர் இருந்தது. பெயர் வைப்பது செல்லத்துக்காக மட்டும் அன்று. பழக்குவதன் முதல் படியே பெயர்தான். மந்தையில் பல நாய்கள் இருக்கும்போது, எது யாருடைய குரலுக்குத் திரும்ப வேண்டும் என்பதைப் பெயரே தீர்மானிக்கிறது. மற்றொன்று, கடித்ததோடு செய்தி முடியவில்லை, காத்திருந்ததும் சொல்லப்பட்டுள்ளது. கடிப்பது நாயின் இயல்பு. கூச்சலும் குழப்பமும் உள்ள இடத்தில் ஓடிவிடாமல் நிற்பது இயல்பு அன்று. அது நாள்தோறும் ஒரே வேலையை ஒரே ஆளோடு செய்து வந்த பழக்கமாகவே இருக்க முடியும்.

இதே போன்ற புகழ்பெற்ற கல் கர்நாடகத்தின் ஆதகூரில் இருந்து கிடைத்தது. கி.பி. 949-50ஐச் சேர்ந்த அக்கல், காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு போரிட்டு மாண்டதைச் சொல்கிறது. காளியின் புகழ் பாய்ந்ததில் இருக்கிறது. கோவிவனின் புகழ் நின்றதில் இருக்கிறது. நாய் பழக்குவோரைக் கேட்டால், இரண்டில் கற்பிக்கக் கடினமானது நிற்பதுதான் என்பார்கள்.

கிடையும் குட்டியும்

கோவிவனை எப்படிப் பழக்கினார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. ஆயினும் கால்நடை மேய்ப்போரின் முறை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளது. பால்குடி மறக்கும் பருவத்திலேயே குட்டி மந்தைக்கு நடுவில் விடப்படும். ஆட்டின் வாசனையிலும் மாட்டின் குளம்படியிலும் வளரும் குட்டி, மந்தையைத் தன் கூட்டமாகவே எண்ணிக்கொள்ளும். இதன் காரணத்தை அறிவியல் விளக்கியது மிகப் பிந்தியே. அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலில், பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களோடுதான் அதன் உறவு உறுதிப்படும் என்று காட்டினர். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்ற பழமொழியில் வரும் ஐந்தை, நாயைப் பொறுத்தவரை ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளக் கூடாது. ஐந்து வாரங்கள் என்றே கொள்ள வேண்டும்.

மேய்ப்போரிடம் கட்டளைச் சொற்கள் மிகக் குறைவு. கூப்பிட "தோ, தோ", ஏவிவிட "சூ", விலக்க "சீ". பெரும்பாலும் இவ்வளவே. சொல் குறைவாக இருப்பதும், எல்லோரும் அதையே சொல்வதும் நாய்க்கு எளிது. இன்றைய நகர வீடுகளில் அப்பா "உட்கார்" என்கிறார், மகள் "சிட்" என்கிறாள், பாட்டி "படுடா" என்கிறார். பிறகு நாய்க்கு அறிவில்லை என்று மூவரும் சேர்ந்து சொல்கிறார்கள்.

மலை மேல் இருந்த நாய்கள்

திருவண்ணாமலையில் நாய்களைப் பற்றி விரிவாகக் கிடைக்கும் அடுத்த செய்திகள் ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாற்று நூல்களில் உள்ளன. 1896-இல் இவ்வூருக்கு வந்த ரமணர், அருணாசல மலையில் விரூபாட்ச குகையிலும், பின்னர் 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார்.

கந்தாசிரமத்துக்குக் குட்டியாக வந்து சேர்ந்தவள் கமலா. ஆண்டுதோறும் குட்டி போடுவாளே என்று அஞ்சி அங்கிருந்தோர் துரத்தியும் அவள் போகவில்லை. அவளது முதல் பேற்றின்போது குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டிட்டு, தனி இடம் தந்து, பத்தாம் நாள் விருந்தும் நடந்ததாகக் குறிப்பு உண்டு. புதிதாக வரும் அன்பரை மலைக்கு வழிகாட்டி அழைத்துப் போகும்படி ரமணர் அவளிடம் சொல்வார். அவளும் தீர்த்தங்கள், சன்னதிகள் என ஒன்று விடாமல் காட்டி அழைத்து வருவாள்.

இதை அற்புதம் என்று சொல்வோர் உண்டு. அப்படிக் கொள்ளாவிட்டாலும் செய்தியின் மதிப்புக் குறையாது. ஒரே ஆள், ஒரே குரலில், ஒரே வேலையை, ஒரே பாதையில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நாய்க்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஆசிரமத்தில் யாரும் இதைப் பயிற்சி என்று அழைக்கவில்லை என்பதும் உண்மையே. ஆனால் ஒழுங்கு இருந்தது. சாப்பாட்டு வேளையில் முதலில் நாய்களுக்கு, அடுத்து இரந்து வருவோர்க்கு, கடைசியில் அன்பர்களுக்கு என்பது அங்கு நாள்தோறும் மாறாத வரிசை. விலங்குகளை ரமணர் 'அது' என்று குறிப்பிட்டதில்லை. அவன், அவள் என்றே பேசினார்.

விரூபாட்ச குகைக் காலத்தில் சின்னக் கருப்பன் என்ற நாய் இருந்தான். முழுக் கருப்பு. நெடுநாள் புதர்களுக்கு அப்பால் தலை மட்டும் தெரிய நின்று பார்ப்பான், அருகே வரமாட்டான். அவன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உணவை வைத்துவிட்டு வந்தார்கள். யாரும் பிடித்து இழுக்கவில்லை. ஒரு நாள் தானே பாதையில் குதித்து வந்து ரமணரிடம் வாலாட்டி விளையாடினான். அன்று முதல் அவர்களோடே இருந்தான். மிரண்ட நாயைத் தன் வேகத்தில் நெருங்கவிடும் இம்முறையை இன்றைய பயிற்றுநர்களும் பரிந்துரைக்கின்றனர். அதே குகையில் இருந்த வேறொரு சிறு நாயின் முடிவு துயரமானது. உடனிருந்த முதியவர் ஒருவர் ஏதோ கோபத்தில் அவனைக் கடிந்துகொண்டார். சிறிது நேரத்தில் சங்கு தீர்த்தத்தில் அவன் உடல் மிதந்தது. இந்த நிகழ்ச்சியை ரமணரே வருத்தத்தோடு நினைவுகூர்ந்ததாக அந்நூல்கள் சொல்கின்றன. கடிந்ததற்கும் இறப்புக்கும் தொடர்பு உண்டா என்பதை இன்று யாரும் நிறுவ முடியாது. இருந்தாலும் இவ்வளவு காலம் கழித்தும் அந்தக் கடுஞ்சொல் மறக்கப்படாமல் பதிவாகியிருக்கிறது.

ஜாக்கி என்ற நாயின் சமாதி, பசு லட்சுமி, மான், காகம் ஆகியவற்றின் சமாதிகளோடு ரமணாசிரமத்தில் இன்றும் காணப்படுகிறது.

கிரிவலப் பாதையில்

மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இன்று தெருநாய்கள் ஏராளம். பௌர்ணமி இரவில் வருவோர் ஒருவர் பிஸ்கட் போடுகிறார், அடுத்தவர் கல்லெடுக்கிறார், மூன்றாமவர் கண்டுகொள்வதில்லை. நாய் இதிலிருந்து என்ன கற்கிறது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வில் விடை உண்டு. ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்த பழக்கம், பலன் நின்றதும் விரைவில் மறையும். எப்போதாவது மட்டும் பலன் கிடைத்த பழக்கமோ எளிதில் மறையாது. ஆகவே பத்துப் பேரில் ஒருவர் போட்டாலும் போதும், நாய் பத்துப் பேர் பின்னாலும் ஓடும். வீட்டிலும் இதே கதைதான். சாப்பிடும்போது ஒன்பது நாள் விரட்டிவிட்டுப் பத்தாம் நாள் ஒரு துண்டு தோசையைப் போடுபவர், கெஞ்சும் பழக்கத்தைத் தாமே உறுதிப்படுத்துகிறார். இப்படிக் குழம்பி வளர்ந்த நாய் குரைக்கிறது, பாய்கிறது என்று சலித்து, கடைசியில் தெருவில் விடுபவர்களும் உள்ளனர். அந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கவும் தெரியாது.

காவல்துறை நாய்கள்

மேல்நாட்டில் காவல் பணிக்காகவும் முறையான பயிற்சி நூல்கள் தோன்றின. ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய கையேடு அவற்றுள் முன்னோடி. கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுத்துத் திருத்தும் அவரது கடுமையை இன்று பலர் ஏற்பதில்லை. கட்டளையும் அதன் விளைவும் உடனுக்குடன், மாறாமல் வர வேண்டும் என்ற அவரது விதி மட்டும் நிலைத்துவிட்டது. சென்னையில் காவல்துறை நாய்ப் பிரிவு 1951-இல் தொடங்கப்பட்டது. எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தின் தேகன்பூரில் 1970 முதல் இயங்குகிறது. இத்தகைய மையங்களில் நாயோடு அதைக் கையாளும் காவலரும் மாதக்கணக்கில் சேர்ந்தே பயில்கிறார். பணியிலும் அந்த இணையை இயன்றவரை பிரிப்பதில்லை.

கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு முன் அருணாசலேசுவரர் கோயில் வளாகத்தில் இந்த மோப்ப நாய்களைக் காணலாம். வெடிபொருள் தேடும் நாய் வாசனை பிடித்ததும் குரைக்கக் கூடாது, காலால் பறிக்கவும் கூடாது. பொருளுக்கு அருகிலேயே சத்தமின்றி உட்கார்ந்து, தன் காவலர் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும்.