கைலித் துணி ஆபீசுக்குப் போன கதை

மேல்சித்தாமூரில் வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்த்தால் கட்டம் போட்டது ஒன்றாவது இருக்கும். பெரியவர் கட்டும் கைலி. பக்கத்திலேயே, சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை லீவுக்கு வந்தபோது துவைக்கப் போட்ட கட்டம் போட்ட சட்டை. கைலியோடு ஒருவர் ஆபீசுக்குக் கிளம்பினால் தெருவே சிரிக்கும். சட்டைக்கோ கம்பெனிக்காரர்கள் ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று பெயர் சூட்டி வரவேற்பு கொடுக்கிறார்கள். இத்தனைக்கும் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று வீட்டோடு இருந்துவிட்டது. மற்றது கப்பல் ஏறி, மூன்று கண்டம் சுற்றி, காலர் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

துணியைப் பற்றிப் பேச இந்த ஊர் கொஞ்சம் விசித்திரமான இடம்தான். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருப்பது செஞ்சிப் பக்கத்து இந்த ஊரில். பார்சுவநாதர் கோயிலும் இங்கேதான். திசைகளையே ஆடையாகக் கொண்ட திகம்பர மரபு இது. ஆனால் மடத்துத் தலைவரான பட்டாரகர் காவி உடுத்துவார். அந்தக் காவியைப் பார்த்துத்தான் ஊர் அவரை அடையாளம் காண்கிறது. மடாதிபதிக்கே உடை ஓர் அடையாளம் என்றால், மாதச் சம்பளக்காரர் காலையில் பீரோ முன்னால் ஐந்து நிமிடம் யோசித்து நிற்பதில் தப்பே இல்லை.

கொடியில் காயும் அந்தக் கட்டம் துணியில் அச்சடிக்கப்படுவதில்லை, நூலிலேயே பிறக்கிறது. நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயம் ஏற்றுவார்கள். பாவு ஓடும்போது சிவப்பு இத்தனை இழை, மஞ்சள் இத்தனை இழை, நீலம் இத்தனை இழை என்று கணக்கு வைத்துக் கோப்பார்கள். பிறகு ஊடைக்கும் அதே கணக்கில் நாடாவை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். சிவப்பும் சிவப்பும் சேரும் இடத்தில் நிறம் அழுத்தமாக விழும். சிவப்பு பாவும் நீல ஊடையும் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு புது நிறம் தோன்றும். நாலு சாயத்தில் ஏழெட்டு நிறம் காட்டும் வித்தை இது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல் இருப்பதும் இதனால்தான்.

இந்தத் துணி கடலுக்குப் போன வழியில் செஞ்சிக்கும் ஒரு பங்கு உண்டு. 1639இல் ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் டே சென்னையில் கோட்டை கட்ட இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணம், இந்தப் பக்கத்தில் துணி மலிவாகக் கிடைத்தது. ஐம்பது ஆண்டு கழித்து ஆங்கிலேயருக்குத் தெற்கே இன்னொரு துறைமுகம் வேண்டியிருந்தது. அப்போது செஞ்சிக் கோட்டையில் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முகலாயப் படை சூழ்ந்த நெருக்கடியில் அவருக்குப் பணம் தேவைப்பட்டது. 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றார். பேரம் வினோதமானது: பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலம் அவர்களுடையது. அதனால் சுற்றுப்புறத்துக் கிராமங்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்தது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் மாறிய அந்த இடத்திலிருந்தும் தென்னார்க்காட்டு நெசவு கப்பலேறியது. பேரம் நடந்தபோது சென்னை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வருகிறார்.

கப்பலேறிய துணி நல்ல காரியத்துக்கு மட்டும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இந்தியத் துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். அட்லாண்டிக் அடிமை வாணிபத்தில் நம் ஊர்த் தறிகளின் உழைப்பும் விலையாக நின்றது.

ஆனால் அந்தக் கரையிலேயே துணிக்கு ஒரு மறுபிறவி கிடைத்தது. இன்றைய நைஜீரியாவில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி என்ற மக்கள் வாழ்கிறார்கள். ‘சென்னைக் கைக்குட்டை’ என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற கட்டத் துணி அவர்களுக்குக் குலப் பெருமை சொல்லும் உடை. கடையில் வாங்கியதை அப்படியே கட்டிக்கொள்வதோடு அவர்கள் நிற்பதில்லை. கலபாரிப் பெண்கள் ஊசியால் ஓர் இழையை மெல்லத் தூக்கி, பிளேடால் வெட்டி உருவி எடுப்பார்கள். அடுத்து இன்னோர் இழை. இப்படி வெளிர் நிற இழைகளை நீக்கி நீக்கி, ஆந்திரத்துச் சீராலாவில் நெய்த கட்டத்துக்குள் தங்கள் கோலம் ஒன்றைக் கொண்டுவருவார்கள். முடிந்ததும் துணி வலைபோல லேசாகிவிடும். ‘பெலெட்டே பிட்டே’ என்று இதற்குப் பெயர். ஒரே பேலில் வந்த துணிதான். ஆனால் பெலெட்டே பிட்டே உடுத்தியவர் இன்னார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ‘பர்சனல் ஸ்டைல்’ பற்றி இதைவிட நல்ல பாடம் எந்த ஃபேஷன் பள்ளியிலும் கிடைக்காது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1786இல் நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்கள் தலையலங்காரத்தோடு தெருவில் நடப்பது ஆளுநர் எஸ்டெபான் மிரோவின் கண்ணை உறுத்தியது. இனி அவர்கள் தலைமுடியைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பெண்கள் உத்தரவை மீறவில்லை. சென்னைக் கட்டத் துணி உள்ளிட்ட நல்ல துணிகளைத் தேடி வாங்கி, கொண்டையை உயர்த்தி, முடிச்சில் அழகு காட்டி, மணியும் இறகும் செருகிக் கட்டினார்கள். தாழ்த்துவதற்குப் போட்ட விதி அலங்காரமாகி எழுந்து நின்றது. மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா தீவுகளில் இன்றும் விழா நாள் உடையில் ‘மெட்ராஸ்’ இல்லாமல் இருக்காது. ஆபீஸ் விதிமுறையைப் படித்துவிட்டு ‘நம்ம ரசனைக்கு இங்கே இடமில்லை’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்தப் பெண்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இனி யேல். 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பணமில்லாமல் தவித்த ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு அனுப்பினார். அதில் பெரும்பங்கு துணி. விற்ற பணத்தில் கல்லூரி கட்டிடம் எழுந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். இரு நூற்றாண்டு கழித்து அதே யேல் போன்ற கல்லூரிகளின் மாணவர்கள்தான் சென்னைக் கட்டத்தில் கோட்டும் சட்டையும் தைத்துப் போட்டு, அதை அமெரிக்க மேட்டுக்குடியின் கோடைகால உடையாக்கினார்கள்.

அங்கே அதற்குப் பெரிய பெயர் வந்தது ஒரு குளறுபடியில். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் மும்பையில் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரைச் சந்தித்தார். கண்ணூர்க்காரரான நாயர் அப்போது கைத்தறி ஏற்றுமதியாளர், லீலா ஹோட்டல்களை நிறுவியது பின்னாளில். தாவரச் சாயமும் நல்லெண்ணெயும் மணக்கும் சென்னைத் துணி ஜேக்கப்சனுக்குப் பிடித்துப்போனது. குளிர்ந்த நீரில் பதமாக அலச வேண்டும், சாயம் போகும் என்று நாயர் சொல்லித்தான் அனுப்பினார். அந்தச் சேதி வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் உடையாக விற்ற துணி, வாடிக்கையாளர்களின் சலவை இயந்திரத்தில் போய் மற்ற துணிகளையெல்லாம் வண்ணமாக்கிவிட்டது. வழக்குப் போடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. நாயரே நியூயார்க் போனார். ‘செவன்டீன்’ என்ற பத்திரிகையின் ஆசிரியரிடம் பேசி, சாயம் போவதையே இந்தியக் கைநெசவின் அதிசயமாக எழுத வைத்தார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒவ்வொரு சட்டையும் தனி முகம் காட்டும் என்று விளம்பரம் சொன்னது. சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதமே தந்தார்கள். திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் போய், தேடி வாங்க வந்தவர்கள் கூடினார்கள்.

அந்தச் சட்டை பிறகு அயல்நாட்டு பிராண்டின் லேபிளோடு நம் ஊர் மாலுக்கு வந்தது. ‘மெட்ராஸ் செக்ஸ்’ என்று அதை வாங்குகிறோம். கடலூர்ப் பக்கம் குறிஞ்சிப்பாடியிலும், வடக்கே குடியாத்தத்திலும் நெய்யும் லுங்கியில் அதே கட்டம் வந்தால் வீட்டுக்குள் கட்டிக்கொள்கிறோம். உடை விஷயத்தில் நமக்குள்ள கூச்சம் புதிதல்ல. வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக 2014இல் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. இப்படித் தடுப்பதற்கு எதிராக அதே ஆண்டில் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கான உடை ஆணை, சட்டை-பேன்ட்டோடு வேட்டிக்கும் இடம் கொடுத்தது.

ஆகவே ஆபீசுக்கு எதைப் போடலாம் என்று யோசிப்பவருக்கு இந்தத் துணி சொல்வது சுலபமானது. துணியில் ஏற்றத்தாழ்வு கிடையாது. அதை ஆபீஸ் உடையாக்குவது வெட்டும் தையலும்தான். கைத்தறித் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, தெரிந்த டெய்லரிடம் கொடுங்கள். கரையோரம் சின்னச் சின்ன ஊசித் துளைகள் வரிசையாக இருந்தால் கவலை வேண்டாம். தறியில் துணியை அகலமாக இழுத்துப் பிடித்த குச்சியின் தடம் அது. பாக்கெட்டிலும் பட்டன் பட்டியிலும் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்குத் துணி சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும், கொடுத்துவிடுங்கள். கட்டம் சேராமல் தைத்த சட்டை எவ்வளவு விலையானாலும் அவசரத்தில் போட்டதுபோல்தான் தெரியும். காலர் நிமிர்ந்து நிற்கட்டும். தோள் தையல் தோளிலேயே உட்காரட்டும். சட்டையில் கட்டம் இருந்தால் பேன்ட் வெற்று நிறத்தில் இருக்கட்டும். காக்கி, கருநீலம், சாம்பல் எதுவும் பொருந்தும். பெண்களுக்குக் காரைக்குடிக் கண்டாங்கி இருக்கவே இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கட்டப் புடவைக்கு வெற்று ரவிக்கையும் ஒரு மெல்லிய சங்கிலியும் போதும், எந்த மீட்டிங்குக்கும் தாங்கும். முதல் சில தடவை தனியாக, குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

கம்பெனி விதி எல்லை போடும். அந்த எல்லைக்குள் நம் முகத்தைக் காட்டுவது நம் பாடு. கலபாரிப் பெண்கள் ஒரு பிளேடை வைத்துக்கொண்டு செய்ததை நாம் ஒரு நல்ல டெய்லரை வைத்துக்கொண்டு செய்யலாம். அடுத்த முறை ஆபீஸ் சட்டை வாங்க மாலுக்குக் கிளம்பும் முன், வழியில் இருக்கும் கோ-ஆப்டெக்ஸ் கடைக்குள் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.