எருவும் உரமும்: நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு பார்வை

காய்கறி, கனி ஆகியவற்றைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இயற்கை உரமா, செயற்கை உரமா என்னும் வழக்கு உடன்வருவதை வாசகர்கள் அறிவர். இவ்வழக்கு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றே பேசப்படுகிறது. ஒன்று, மண் வளம் கெடுகிறதா என்று கேட்கும் வயல். மற்றொன்று, உண்பவன் உடல்நலம் கெடுகிறதா என்று கேட்கும் உணவுத்தட்டு. உரம் உண்டாக்கப்படும் இடம் என மூன்றாவது இடமும் ஒன்று உண்டு. அவ்விடத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். கொசத்தலை ஆறு கடலிற் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் அமைந்த மீனவர் ஊராகிய நெட்டுக்குப்பத்தில் நின்று பார்த்தால், இந்த வழக்கின் வரலாறு சற்றே வேறு விதமாகத் தோன்றுகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நிலத்திற்கு இடுவதைக் குறிக்கும் பழஞ்சொல் எரு. திருக்குறளின் உழவு அதிகாரம் இச்சொல்லையே ஆள்கிறது. உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்று அங்கே வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். முந்தைய குறளிலோ, புழுதியை நன்கு காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறார். உரம் என்னும் சொல்லின் முதற்பொருள் வலிமை. இன்றைய பேச்சிலோ அடைமொழியின்றி ‘உரம்’ என்றாலே கடையில் வாங்கும் மூட்டை என்றாகிவிட்டது. சாணத்திற்கும் தழைக்கும் ‘இயற்கை’ என்னும் அடைமொழி தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் அடைமொழியே வேண்டாதிருந்த பொருள் அது. இம்மாற்றம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்தது.

பழைய எரு பல வகைப்பட்டது. தொழுவுரம், வேலியோரக் கொளுஞ்சியும் ஆவாரந்தழையும், ஏரியின் வண்டல், வேம்பு ஆமணக்கு முதலியவற்றின் பிண்ணாக்கு, அறுவடைக்குப் பின் இரவுகளில் ஆட்டுக்கிடை போடுதல் என அவை நீளும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் கீரைக்கும் நெல்லைவிட மிகுதியான எரு வேண்டும் என்பதால், வீட்டுக் குப்பைமேட்டின் சிறந்த பங்கு தோட்டக்காலுக்கே சென்றது.

எனினும் அக்காலத்தை முற்றும் பொற்காலமாகப் பாடுவது வரலாறாகாது. இந்திய வேளாண்மையை ஆராயுமாறு பிரித்தானிய அரசால் 1889இல் அனுப்பப்பட்ட வேதியியலறிஞர் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில், இந்நாட்டு உழவரின் திறத்தை வெகுவாகப் பாராட்டினார். கூடவே, விறகுப் பஞ்சத்தால் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிவதையும், எலும்பும் எண்ணெய்வித்தும் ஏற்றுமதியாவதையும் சுட்டிக்காட்டினார். எரு அன்றே பற்றாக்குறையாகத்தான் இருந்தது. நகரங்களில் மனிதக் கழிவைக் கூடையிற் சுமந்து எருக்குழிக்குக் கொண்டு சேர்த்தவர்கள் யார், எந்தச் சாதியினர் என்பதையும் நாம் மறக்கலாகாது. எருவின் சுமையை அன்றும் ஒரு சிலரே சுமந்தனர்.

இனி மூட்டைக்கு வருவோம். இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906இல் இராணிப்பேட்டையில் பாரி நிறுவனத்தாரால் தொடங்கப்பட்டது. 1909இல் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கிக் காட்டினார்; 1913இல் கார்ல் போஷ் அதனைப் பெருந்தொழிலாக்கினார். விடுதலைக்குப் பிறகு இத்தொழில் சென்னையின் வடகரையை வந்தடைந்தது. 1960களில் எண்ணூர்க் கடற்கரையில் பாரியின் உரத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. அது 2003இல் கோரமண்டல் நிறுவனத்தோடு இணைந்தது. அண்டையிலுள்ள மணலியில், அமெரிக்காவின் அமோக்கோ நிறுவனத்தைப் பங்காளியாகக் கொண்டு 1966இல் இந்திய அரசு மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தது. அங்கு 1971இல் உற்பத்தி தொடங்கியது. அருகிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை நாப்தாவைத் தந்தது. அதிலிருந்து யூரியா பிறந்து, ‘விஜய்’ என்னும் பெயரோடு தென்னாட்டு வயல்களுக்குச் சென்றது. 2019இல் அவ்வாலை நாப்தாவிலிருந்து இயற்கை எரிவாயுவிற்கு மாறியது.

உழவன் இம்மூட்டையை விரும்பியதற்குக் காரணம் அறியாமையன்று, கணக்கு. நன்கு மக்கிய தொழுவுரத்தில் நைட்ரஜன் ஏறத்தாழ அரை விழுக்காடு. யூரியாவில் 46 விழுக்காடு. நூறு கிலோ நைட்ரஜன் வேண்டுமாயின் 20 டன் தொழுவுரம் வண்டிகளில் ஏற்றி இறக்கிப் பரப்பப்பட வேண்டும். யூரியாவாயின் 45 கிலோ மூட்டைகள் ஐந்து போதும். 1965, 1966ஆம் ஆண்டுகளின் வறட்சியும், அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கியிருந்த நிலையும் சேர்ந்தபோது, அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் புதிய விதையையும் உரத்தையும் தேர்ந்ததில் வியப்பில்லை. 1950களின் தொடக்கத்தில் இந்தியா பயன்படுத்திய உரச்சத்து ஆண்டுக்கு ஒரு இலட்சம் டன்னுக்கும் குறைவு. 2020-21இல் அது மூன்று கோடி டன்னைத் தாண்டியது.

இக்கணக்கில் எழுதப்படாத செலவுகள் உண்டு. அவற்றுள் முதலாவது நீர். 1960களின் இறுதியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டு, மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் நிலத்தடிநீர் இறைக்கப்பட்டது. இறைத்த வேகத்திற்கு மழை ஈடுகொடுக்கவில்லை. வெற்றிடத்தைக் கடல்நீர் நிரப்பிற்று. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில் உப்பு பல கிலோமீட்டர் உள்நோக்கி நகர்ந்ததை நீரியல் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. தொலைவிலுள்ள தோட்டங்கள் பசுமையாகும் பொருட்டு அண்டையிலுள்ள வயல்களின் கிணறுகள் உவர்த்தன. பின்னர் மணலி ஆலைகள் மாநகரின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தலாயின. ஒரு காலத்தில் வயலுக்குரிய எருவாக மதிக்கப்பட்ட நகரக் கழிவு இன்று உரத்தொழிற்சாலையின் நீர்த்தேவையைத் தீர்க்கிறது.

இரண்டாவது செலவு மக்களுடையது. எண்ணூர் ஆலைக்கு வேண்டிய அம்மோனியா கப்பலில் வருகிறது. கரையிலிருந்து விலகி நிற்கும் கப்பலிலிருந்து கடலடிக் குழாய் வழியே அது ஆலைக்குள் சேர்கிறது. 2023 டிசம்பர் 26, ஆழிப்பேரலையின் பத்தொன்பதாம் ஆண்டு நினைவு நாள். அன்று நள்ளிரவை ஒட்டி அக்குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்களில் உறக்கத்திலிருந்தோர் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஒரு கனமீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராம் இருக்கலாம் என்ற வரம்பிருக்க, ஆலை வாயிலருகே 2,090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்பிருக்க, 49 இருந்தது. மிக்ஜாம் புயலின் அலைகள் குழாயைச் சூழ்ந்திருந்த பாறைகளைப் பெயர்த்ததால் அது சேதமுற்றிருக்கலாம் என்று அரசு அமைத்த குழு கருதியது. ரூ. 5.92 கோடி சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கப் பரிந்துரைக்கப்பட்டது. ஆலையை நிரந்தரமாக மூடக்கோரி மீனவ ஊர்கள் பல வாரங்கள் போராடின. கூடுதல் பாதுகாப்பு நிபந்தனைகளோடு 2024இல் ஆலை மீண்டும் இயங்க அனுமதி கிடைத்தது.

அதே டிசம்பரின் தொடக்கத்தில்தான், புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய்ப்படலம் நெட்டுக்குப்பத்தின் படகுகளிலும் வலைகளிலும் கரியாக அப்பியது. எண்ணெயை வாரிய கை உலர்வதற்குள் அம்மோனியா வந்தது. ஒரு மாதத்தில் இருமுறை கடலை விட்டு விலகியிருக்க நேர்ந்தவனுக்கு அம்மாத வருமானம் என்னவாகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் செயற்கை உரத்தை அடியோடு நிறுத்திவிடலாமா? இயற்கை வழிக்கும் உறுதியான வரலாறு உண்டு. இந்தூரில் 1924 முதல் 1931 வரை மக்குரம் செய்யும் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டு, இந்திய உழவரிடமிருந்தே பாடம் கற்றதாகச் சொன்னார். கோவில்பட்டி அரசுப் பண்ணையின் வேலையைத் துறந்த நம்மாழ்வார், 2013 டிசம்பரில் மறையும்வரை ஊர் ஊராக நடந்து அவ்வழியைப் பரப்பினார். சிக்கிம் பல்லாண்டு ஆயத்தத்திற்குப் பின் 2016இல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

மறுபுறம் இலங்கையின் பாடம் நம்முன் இருக்கிறது. அந்நாட்டு அரசு 2021இல் செயற்கை உர இறக்குமதியை ஒரே வீச்சில் தடைசெய்தது. போதிய மக்குரம் எங்கும் ஆயத்தமாக இல்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. தேயிலையும், நுவரெலியாவின் உருளைக்கிழங்கும் கேரட்டும் கோவாவும் தளர்ந்தன. காய்கறி விலை ஏறியது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையை விலக்க நேர்ந்தது. அத்தவற்றின் சுமையும் ஆணையிட்டவர்கள் மீது விழவில்லை. சிறுவிவசாயியின் மீதே விழுந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்குங்கால், எரு, உரம் என்ற இரண்டில் எது தூயது என்னும் கேள்வி போதாது என்றே தோன்றுகிறது. அதன் செலவை யார் தருகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை உழவருக்கு ரூ. 266.50க்குக் கிடைக்கிறது. உண்மை அடக்கவிலை அதனினும் பன்மடங்கு. எஞ்சியதை அரசு மானியமாகத் தருகிறது. அந்த இரு தொகைகளும் ஏட்டில் இருக்கின்றன. மீஞ்சூரின் உவர்க்கிணறும் பெரியகுப்பத்தின் நள்ளிரவும் எந்த ஏட்டிலும் இல்லை.

மூட்டையின் தேவையைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. நகரின் காய்கறிக் கழிவைத் தரம்பிரித்து மக்கவைத்து வயலுக்கு அனுப்புவது, மண்ணைப் பரிசோதித்து வேண்டிய அளவே இடுவது, இயற்கை வழிக்கு மாறும் உழவருக்கு முதற்சில ஆண்டுகளின் விளைச்சல் குறைவை ஈடுசெய்வது ஆகியவை அவற்றுட் சில. எவையும் ஒரே ஆண்டில் நிறைவேறா. அதுவரை ஆலைகள் இயங்கும். இயங்கும்வரை, கடலடிக் குழாயின் நிலை என்ன, கசிந்தால் எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் வரும், எந்தச் சாலை வழியே வெளியேறுவது என்று கேட்கும் உரிமை அக்கரையில் வாழ்வோர்க்கு உண்டு. அவ்வூர்களின் பெயரைக்கூட அறியாமல் அந்த உரத்தில் விளைந்த காயை உண்ணும் நமக்கோ, அவர்களோடு சேர்ந்து கேட்கும் கடமை உண்டு.